எலிப்பொறியும் ஓர் எழுத்துப்பிழையும்

2005 அக்டோபர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஹாரிஸ்பர்க் நகரத்து ஃபெடரல் நீதிமன்றம். சாட்சிக்கூண்டில் இருப்பவர் மைக்கேல் பீஹி, உயிர்வேதியியல் பேராசிரியர், பரிணாம விளக்கம் போதாது என்கிற தரப்பின் சாட்சி. நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு படிப்படியாக எப்படி உருவானது என்ற கேள்விக்கு அறிவியல் இலக்கியத்தில் பதிலே கிடையாது என்று அவர் 1996இல் ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எரிக் ராத்ஸ்சைல்ட் அதைப் பற்றிக் கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை. அதே கேள்விக்குப் பதில் தேடி வெளியான ஆய்வுகளை எடுத்து அவர் முன்னால் அடுக்க ஆரம்பித்தார். 58 ஆய்வுக் கட்டுரைகள், ஒன்பது புத்தகங்கள், போதாததற்குப் பாடநூல் அத்தியாயங்கள். குவியல் ஏறிக்கொண்டே போனது. எல்லாம் ஏறி முடிந்த பிறகும் பீஹியின் பதில் மாறவில்லை. இவையெல்லாம் போதுமான சான்று இல்லை என்றார்.

படைப்பா, பரிணாமமா என்ற சச்சரவில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். மேடையில், டிவி விவாதத்தில், வாட்ஸ்அப்பில் நன்றாகவே ஓடுகிற ஒரு வாதம், கூண்டில் ஏற்றியதும் ஏன் இப்படித் திணறியது? இரண்டு தரப்பும் எப்படி வாதாடுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி ஒரு நல்ல நுழைவாயில்.

வழக்கின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் டோவர் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பள்ளி வாரியம் 2004 அக்டோபர் 18 அன்று, ஆறுக்கு மூன்று என்ற வாக்குக் கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி, ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமப் பாடம் தொடங்கும் முன் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்க வேண்டும். டார்வின் சொன்னது ஒரு தியரிதான், உறுதியான உண்மை அல்ல. அதில் ஓட்டைகள் இருக்கின்றன. 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று, அதாவது உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்று, வேறொரு விளக்கமும் இருக்கிறது. விரும்புகிறவர்கள் 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற புத்தகத்தைப் பார்க்கலாம். மொத்தமே நாலு பத்திதான். பள்ளியின் அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தைய மாதமே 11 பெற்றோர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள்.

நாலு பத்திக்கு இவ்வளவு ரகளையா என்று தோன்றலாம். ஆனால் அந்த நாலு பத்திக்குப் பின்னால் எண்பது வருடச் சட்டச் சண்டை இருக்கிறது.

1925இல் டென்னசி மாநிலம், மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளிகளில் சொல்லித் தருவதையே குற்றமாக்கியது. டேட்டன் என்ற ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் மருந்துக்கடையில் உட்கார்ந்து, வழக்கு வந்தால் ஊருக்கு நாலு பேர் வருவார்கள் என்று திட்டம் போட்டு நடத்திய வழக்கு அது. ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். அதுவும் பிறகு, அபராதத்தை ஜூரி விதிக்காமல் நீதிபதி விதித்தது தவறு என்ற நடைமுறைக் காரணத்தால் தள்ளுபடியானது.

அந்த வழக்கில் படைப்புத் தரப்புக்காக நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றவர். இவரை மதவெறி பிடித்த கிழவராகக் காட்டுவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வாழ்நாள் முழுக்க ஏழை விவசாயிகளுக்காகப் பேசிய மனிதர் அவர். 'வலியது வாழும்' என்பதை மனித சமூகத்துக்கும் பொருத்தினால் எளியவன் கதி என்ன என்பது அவருடைய பயம். அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. ஸ்கோப்ஸ் பயன்படுத்திய உயிரியல் பாடநூலில் மனித இனங்களை ஏணிப்படி மாதிரி அடுக்கி வெள்ளையரை உச்சியில் வைத்திருந்தார்கள். 'தாழ்ந்த' குடும்பங்கள் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்கிற ரீதியிலும் அதில் எழுதியிருந்தது. உயிரியலைப் பற்றி பிரையன் சொன்னது தவறு. உயிரியலின் பெயரால் நடந்துகொண்டிருந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டது தவறில்லை. இன்றும் படைப்புத் தரப்பில் சாதாரணக் குடும்பங்களை இழுத்துப் பிடித்திருப்பது இந்தக் கவலைதான் என்று நினைக்கிறேன். புதைபடிவங்கள் பற்றி அவர்கள் இரவில் யோசிப்பதில்லை. 'நீ வெறும் மிருகம்' என்று பிள்ளைக்குச் சொல்லித் தந்தால் பிள்ளை என்னவாகும் என்று யோசிக்கிறார்கள்.

அப்புறம் சட்டம் திசை மாறியது. பரிணாமத்தைத் தடை செய்யக்கூடாது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, தடை வேண்டாம், 'படைப்பு அறிவியல்' என்று பெயர் வைத்து இரண்டையும் சமமாகச் சொல்லித் தரலாமே என்று சில மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்தன. ஆர்கன்சா மாநிலச் சட்டம் 1982இல் விழுந்தது. லூசியானா சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ரத்து செய்தது. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். படைப்பு அறிவியல் என்பது மதம்தான் என்று தீர்ப்பு. 'படைப்பு' என்ற சொல் அன்றோடு வகுப்பறைக்குள் நுழைய முடியாத சொல்லாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயம். படைப்புவாதிகள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. பைபிளின் ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, பூமிக்கு வயது சுமார் 6,000 வருடம்தான், பாறை அடுக்குகள் நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் படிந்தவை என்கிறவர்கள் ஒரு வகை. பூமி பழையதுதான், ஆனால் உயிரினங்களைக் கடவுள் தனித்தனியாகப் படைத்தார் என்கிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் அறிவார்ந்த வடிவமைப்புக்காரர்கள். இவர்கள் வாதத்தில் கடவுள் என்ற சொல் வராது. 'வடிவமைப்பாளர்' யார் என்று கேட்டால், அது எங்கள் ஆய்வுக்குள் வராது என்பார்கள். பீஹியை எடுத்துக்கொண்டால், பூமியின் வயது பல நூறு கோடி ஆண்டுகள் என்பதையும் மனிதனுக்கும் குரங்குக்கும் பொது மூதாதை உண்டு என்பதையும் ஏற்றுக்கொள்கிறவர். முதல் வகைக்காரர் ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வைத்தால் பாதி நேரம் அவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கும்.

பீஹியின் வாதம் பழைய வாதம் ஒன்றின் புது அவதாரம். வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அதைச் செய்தவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்றுதானே நினைப்போம் என்று 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதினார். பீஹி கடிகாரத்தின் இடத்தில் எலிப்பொறியை வைத்தார். பலகை, ஸ்பிரிங், எலியை அடிக்கும் கம்பி, அதைப் பிடித்து வைக்கும் கம்பி, இரை மாட்டும் கொக்கி. ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டாலும் எலி தப்பிவிடும். ஆகவே எலிப்பொறி கொஞ்சம் கொஞ்சமாக உருவாகியிருக்க முடியாது. ஐந்தும் ஒரே நேரத்தில் ஒன்றுசேர வேண்டும். உயிருள்ள எலிப்பொறி என்று அவர் காட்டியது, சில பாக்டீரியாக்கள் நீந்தப் பயன்படுத்தும் கசையிழை. அடியில் சுழலும் மோட்டார் போன்ற அமைப்பு, வெளியே வால். பல பத்துப் புரதங்கள் கூடிச் செய்யும் வேலை. படத்தைப் பார்த்தால் யாருக்கும் 'இது தானாக வந்திருக்குமா' என்று தோன்றத்தான் செய்யும். எனக்கும் தோன்றியது.

பெற்றோர்கள் தரப்பின் முதல் சாட்சியான உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் இதற்கு இரண்டு பதில்கள் வைத்திருந்தார். முதல் பதில் அவர் பொதுக்கூட்டங்களிலும் காட்டுவது. எலிப்பொறியில் இரண்டு பாகங்களைக் கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் பலகை, ஸ்பிரிங், கம்பியை டையில் மாட்டிக்கொள்வார். எலி பிடிக்காது; நல்ல டை கிளிப் ஆகிவிடும். பாதி இயந்திரம் அதே வேலையைச் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது, வேறு வேலை செய்துகொண்டிருந்திருக்கலாமே என்பதுதான் அவர் சொல்ல வருவது. இரண்டாவது பதில் நிஜ உயிரிலிருந்து. பிளேக் நோய்க் கிருமி, நம் செல்களுக்குள் விஷப் புரதங்களைச் செலுத்த ஊசி போன்ற ஓர் அமைப்பை வைத்திருக்கிறது. அதிலுள்ள சுமார் பத்துப் புரதங்கள் கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களோடு ஒத்துப்போகின்றன. கசையிழையிலிருந்து பெரும்பகுதியைக் கழற்றிவிட்டாலும் மிச்சம் செத்துப்போகவில்லை. வேறு தொழில் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் உறைவதற்கு இத்தனை காரணிகளும் கட்டாயம் தேவை என்ற வாதத்துக்கும் இதே கதிதான். திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் அவற்றில் ஒன்று கிடையாது. அவற்றின் ரத்தம் நன்றாகவே உறைகிறது.

ஆனால் மில்லரின் சாட்சியத்தில் கனமான பகுதி இது அல்ல. குரோமோசோம் கணக்குதான்.

நமக்கு 46 குரோமோசோம்கள், 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48, அதாவது 24 ஜோடி. நமக்கும் அவற்றுக்கும் ஒரே மூதாதை என்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? ஒரு முழுக் குரோமோசோம் தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. எனவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒட்டியிருந்தால் தடயம் இருக்கும். ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு நுனியிலும் டெலோமியர் என்ற டி.என்.ஏ. வரிசை உண்டு, ஷூ லேஸ் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி. இடையில் சென்ட்ரோமியர் என்ற இடுப்பு ஒன்று. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டியிருந்தால், நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய டெலோமியர் நடுவில் கிடக்க வேண்டும். இடுப்பும் இரண்டு இருக்க வேண்டும். இந்தத் தடயம் எந்தக் குரோமோசோமிலும் இல்லை என்றால் பொது மூதாதை என்ற பேச்சுக்கே ஆபத்து. நம்முடைய இரண்டாம் குரோமோசோமில் தடயம் அப்படியே இருக்கிறது. நடுவில் டெலோமியர் வரிசை, வேலை செய்யாமல் நின்றுபோன இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சம். இந்தக் குரோமோசோமின் முழு டி.என்.ஏ. வரிசை வெளியானது வழக்கு நடந்த அதே 2005இல்.

பரிணாமத் தரப்பு வாதாடும் முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 'இப்படி நடந்திருந்தால் இன்ன இடத்தில் இன்னது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் தோற்றேன்' என்று முன்கூட்டியே கழுத்தை நீட்டுவது. மீனுக்கும் நிலத்தில் நடக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரி வேண்டுமானால் சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழைய ஆற்றுப் படிவுப் பாறையில் தேட வேண்டும் என்று கணக்குப் போட்டு, தொல்லுயிரியலாளர் நீல் ஷுபின் குழு கனடாவின் ஆர்க்டிக் தீவு ஒன்றுக்குப் பல கோடைகள் போய்த் தோண்டியது. 2004இல் டிக்டாலிக் கிடைத்தது. செதிலும் துடுப்பும் இருக்கும், துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பும் இருக்கும்.

படைப்புத் தரப்பின் மறுமொழி இங்கே கவனிக்க வேண்டியது. ஒரே கொத்தனார் கட்டிய வீடுகளில் ஒரே மாதிரி ஜன்னல் இருப்பதில்லையா, ஒரே படைப்பாளி ஒரே பாகங்களைப் பல இடத்தில் பயன்படுத்தியிருக்கலாமே என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒற்றுமை இருந்தால் படைப்பாளியின் சிக்கனம், வேற்றுமை இருந்தால் படைப்பாளியின் கற்பனை வளம். எது கிடைத்தாலும் பொருந்துகிற விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

பரிணாமத் தரப்பும் மேடையில் எப்போதும் ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. பில்ட்டவுன் மனிதன் என்ற போலி மண்டையோடு 1912 முதல் 1953 வரை நிபுணர்களை ஏமாற்றியது. எர்ன்ஸ்ட் ஹேக்கல் 19ஆம் நூற்றாண்டில் மிகைப்படுத்தி வரைந்த கருப்படங்கள் வெகுகாலம் பாடநூல்களில் வந்துகொண்டிருந்தன. படைப்புத் தரப்பு இவை இரண்டையும் இன்றுவரை விடுவதில்லை. விடாததில் தப்பும் இல்லை. ஆனால் பில்ட்டவுன் குட்டை உடைத்தவர்களும் விஞ்ஞானிகள்தான் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். இன்னொரு தப்பு, பரிணாமத்தை ஏற்றால் கடவுளை விட்டே ஆக வேண்டும் என்று சில விஞ்ஞானிகள் அடித்துப் பேசுவது. பிரையன் பயந்ததும் அதற்குத்தானே. டோவர் வக்கீல்கள் அந்தப் பொறியில் காலை வைக்கவில்லை. அவர்களுடைய முதல் சாட்சி மில்லர் ஒரு கத்தோலிக்கர். ஜான் ஹாட் என்ற கத்தோலிக்க இறையியலாளரையும் கூண்டில் ஏற்றினார்கள்.

இனி அந்தத் 'தியரிதான்' என்ற சொல். டோவர் அறிக்கையின் மொத்த பலமும் இதில்தான் இருந்தது. நமக்கு இது நன்றாகவே புரியும். தியரி பரீட்சை, பிராக்டிகல் பரீட்சை என்று பிரித்து வளர்ந்தவர்கள் நாம். 'அதெல்லாம் தியரிப்பா' என்றால் நடைமுறைக்கு ஆகாதது என்று அர்த்தம். தமிழ்ப் பாடநூலில் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: சோதித்துப் பார்க்க வேண்டிய யூகத்துக்குக் கருதுகோள், சோதனைகளைத் தாண்டி நிற்கும் விளக்கத்துக்குக் கோட்பாடு என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. கிருமியால் நோய் வருகிறது என்பதும் அந்த அர்த்தத்தில் கோட்பாடுதான். அறிவியல் கோட்பாடு என்பதற்குக் கூண்டில் பீஹி தந்த விளக்கம் இதைவிடத் தாராளமானது. அந்த விளக்கத்தின்படி ஜோதிடமும் அறிவியல் கோட்பாட்டில் சேருமா என்று ராத்ஸ்சைல்ட் கேட்டார். சேரும் என்று பீஹி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

மேடைக்கும் கூண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மேடையில் இந்தக் கேள்வியை யாரும் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். டுவேன் கிஷ் என்ற படைப்புவாதி 1970களிலிருந்து பல்கலைக்கழக மேடைகளில் விஞ்ஞானிகளைத் திணறடித்தவர். அவர் பாணி எளிது. வெப்ப இயக்கவியல், கண், புதைபடிவ இடைவெளி, கார்பன் காலக்கணிப்பு என்று ஒரு மூச்சில் இருபது கேள்வி வீசுவார். கேள்வி கேட்க அரை நிமிடம், பதில் சொல்ல அரை மணி. எதிராளி மூன்றாவது கேள்வியில் இருக்கும்போதே மணி அடித்துவிடும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பதினேழு கேள்விக்குப் பதில் இல்லை என்றுதான் பதியும். 2014இல் கென்டக்கியின் படைப்பு அருங்காட்சியகத்தில் படைப்புவாதி கென் ஹாமும் டிவியில் அறிவியல் சொல்லித் தந்து பிரபலமான பில் நையும் மோதிய விவாதத்திலும் வேறொரு மேடை உத்தி வந்தது. இப்போது நடப்பதைச் சோதிக்கும் அறிவியல் வேறு, கடந்த காலத்தைப் பற்றிய அறிவியல் வேறு. பின்னதை யாரும் நேரில் பார்க்கவில்லையே என்றார் ஹாம். யாரும் பார்க்காத கொலையில் கைரேகையை வைத்துத் தண்டனை கொடுக்கிறோம் என்பது மேடையில் சட்டென்று நினைவுக்கு வராது. எது உங்கள் மனத்தை மாற்றும் என்று இருவரிடமும் கேட்டபோது, சான்று என்றார் நை. தேவனுடைய வார்த்தை உண்மையல்ல என்று யாராலும் தன்னை நம்ப வைக்க முடியாது என்றார் ஹாம். அதை ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன்.

இந்த 'யார் பார்த்தது' வாதத்துக்குப் பைபிள் கூட வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் இந்திய மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொன்னதுமில்லை, எழுதியதுமில்லை, எனவே டார்வின் சொன்னது தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. பரிணாமம் சொல்வது இன்றைய குரங்கு மனிதனானது என்று அல்ல, இரண்டுக்கும் ஒரு பொது மூதாதை உண்டு என்பதுதான். இந்த ஒன்றை நம் வகுப்பறைகளில் சரியாகச் சொல்லியிருந்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

டோவருக்குத் திரும்புவோம். வழக்கைக் கவிழ்த்ததில் குரோமோசோமுக்கும் எலிப்பொறிக்கும் இணையாக நின்றவை ஒரு புத்தகத்தின் பழைய பிரதிகள். அவற்றில் ஓர் எழுத்துப்பிழையும் இருந்தது. பாண்டா புத்தகம் படைப்புவாதப் புத்தகமே அல்ல என்று வடிவமைப்புத் தரப்பினர் சாதித்தார்கள். பெற்றோர்கள் தரப்பு அதன் பழைய கையெழுத்துப் பிரதிகளை வரவழைத்தது. பார்பரா ஃபாரஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியர் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். 1987 தீர்ப்புக்கு முந்தைய பிரதிகளில் படைப்பு, படைப்புவாதி என்ற சொற்கள் சுமார் 150 இடங்களில் இருந்தன. தீர்ப்புக்குப் பிந்தைய பிரதியில் அந்த இடங்களிலெல்லாம் 'வடிவமைப்பு'. வாக்கியம் அதே வாக்கியம், விளக்கம் அதே விளக்கம். ஒரு இடத்தில் மட்டும் மாற்றியவருக்குக் கை தவறிவிட்டது. 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்ற சொல்லை முழுதாக அழிக்காமல் நடுவில் 'டிசைன் ப்ரொபோனன்ட்ஸ்' என்று ஒட்டிவிட்டார். பழைய சொல்லின் 'சி' தலையிலும் 'இஸ்ட்ஸ்' வாலிலுமாக மாட்டிக்கொண்டு, எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல் பிறந்திருந்தது. இடைப்பட்ட உயிரி எங்கே, காட்டு பார்க்கலாம் என்று நூற்றைம்பது வருடமாகக் கேட்டவர்களின் புத்தகத்துக்குள்ளேயே ஓர் இடைப்பட்ட உயிரி.

2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு தந்தார். குடியரசுக் கட்சிக்காரர், ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் நியமித்தவர். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் மறுபெயர் என்று எழுதினார். அவருக்குக் கொலை மிரட்டல் வந்து பாதுகாப்பு போட வேண்டியிருந்தது. தீர்ப்புக்கு ஆறு வாரம் முன்பே ஊர் மக்கள் தேர்தலில் அந்த வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரைத் தோற்கடித்திருந்தார்கள். புது வாரியம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. வழக்குச் செலவாகப் பத்து லட்சம் டாலர் பள்ளி மாவட்டத்தின் தலையில் விழுந்தது. மேல்முறையீடு இல்லாததால் இந்தத் தீர்ப்பு பிற மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

அதனால் சண்டை ஓயவில்லை, வேறு ஊருக்குப் போனது. 2008இல் லூசியானாவும் 2012இல் டென்னசியும் புதுச் சட்டங்கள் இயற்றின. இவற்றில் படைப்பும் இல்லை, வடிவமைப்பும் இல்லை. அறிவியல் கோட்பாடுகளை ஆசிரியர்கள் அலசி ஆராயத் துணைபுரிவது மட்டுமே நோக்கம் என்கின்றன. பட்டியலில் பரிணாமத்தோடு புவி வெப்பமாதலும் மனித குளோனிங்கும் சேர்ந்திருக்கும்.

டோவர் வழக்கில் பெற்றோர்கள் தரப்புக்கு உதவியவர்களில் நிக் மாட்ஸ்கி என்பவரும் ஒருவர். பிறகு பரிணாம உயிரியலாளரானார். டோவருக்குப் பின் அமெரிக்கச் சட்டசபைகளில் வந்த 67 மசோதாக்களின் வாசகங்களை எடுத்து, உயிரினங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு வம்சமரம் வரைகிற அதே கணக்கு முறையில் போட்டு, 2015இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். எந்த மசோதா எதிலிருந்து நகலெடுக்கப்பட்டது, எந்த வரி எங்கே மாறியது, எந்தக் கிளை பட்டுப்போனது என்பதெல்லாம் மரத்தில் தெரிந்தது. லூசியானாவில் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம் 2006இல் போட்ட தீர்மானம் ஒன்றுதான், பிறகு பல மாநிலங்களில் பெருகிய கிளையின் மூதாதை.